ஒரு லட்சம் முறை ஒலிக்கும் விளம்பரம், யார் காதில்?

கேள்வி: தி.நகரிலிருந்து சிறுதானியப் பலகாரங்களை மாதம் ஒரு பெட்டியாகச் சந்தா முறையில் அனுப்புகிறோம். விலை 799 ரூபாய், கைக்கு 250 நிற்கும். எங்கள் இணையதளத்துக்கு மாதம் 1,800 பேர் வருகிறார்கள். வாங்காமல் போனவர்களுக்கு மட்டும் பாட்டு ஆப்களில் 30 விநாடி ஆடியோ ரீடார்கெட்டிங் விளம்பரம் போட, ஒரு ஏஜென்சி மாதம் 45,000 ரூபாய் கேட்கிறது. 1,00,000 முறை ஒலிக்குமாம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், கணக்கே இடிக்கிறது. 1,00,000 முறையை 1,800 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 55 முறை. அத்தனை பேர் காதிலும் விழவும் விழாது. பாட்டு ஆப்புக்குச் சந்தா கட்டியவர்களுக்குப் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வராது. ஐபோனில் 2021 ஏப்ரல் முதல், பிற ஆப்களிலும் தளங்களிலும் ஒருவரைப் பின்தொடர ஆப்கள் அனுமதி கேட்டாக வேண்டும், மறுப்பவர்கள் ஏராளம். சில நூறு பேர் தேறினாலே பெரிது. ஆக, அந்த ஒரு லட்சத்தில் பெரும்பகுதி உங்கள் தளத்தைப் பார்த்தே இராதவர்களுக்குத்தான் போகும். அது சாதாரண விளம்பரம். அதற்கு ரீடார்கெட்டிங் விலை எதற்கு?

போட்ட 45,000 திரும்பவே 180 பெட்டி விற்க வேண்டும். வந்தவர்களில் பத்தில் ஒருவர்! புதிதாகச் சேருபவர் மூன்று மாதம் நீடிப்பார் என்று வைத்தாலும் 60 பேர் வேண்டும். அதைவிட, பாதியில் விட்டுப்போனவர்களில் எண் கொடுத்து, செய்தி அனுப்பச் சம்மதித்தவர்களுக்கு மறுநாள் ஒரு வாட்ஸ்அப் அனுப்பிப் பாருங்கள்.

தளத்துக்கு வருபவர்கள் பல மடங்கு பெருகிய பிறகு ஆடியோவுக்குப் போகலாம். அப்போது விளம்பரச் செலவு, ஏஜென்சி கட்டணம், தயாரிப்புச் செலவு மூன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். 18% ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்பதையும்தான். விளம்பரக் கணக்கும் பிக்செலும் (தளத்துக்கு வந்தவர்களைக் குறித்துவைக்கும் சிறு நிரல்) உங்கள் பெயரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏஜென்சியை மாற்றும் அன்று, சேர்த்த பட்டியலும் அவர்களோடு போய்விடும். ஏற்கெனவே சந்தா கட்டுபவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு வாரம் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். குரலையும் இசையையும் எத்தனை மாதம், எந்தெந்தத் தளத்தில் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தமிழில் 30 விநாடிக்கு 55 சொல் தாராளம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்பவர் பட்டனை அமுக்க மாட்டார்; பெயரை இரண்டு முறை சொல்லி, நினைவில் நிற்கும் தள்ளுபடிக் குறிச்சொல் ஒன்றும் கொடுங்கள். பெயரில் ‘ழ’ இருந்தால் ஆங்கிலத்தில் அடிக்கும்போது ‘zh’-ஆ, ‘l’-ஆ என்று அவர் திணறுவார். அதற்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

கேள்வி: இப்படியொரு விளம்பரம் கேட்டு 1 ரூபாய் சோதனைப் பெட்டிக்குச் சேர்ந்தேன். இப்போது மாதம் 999 ரூபாய் தானாகப் போகிறது. நிறுத்தும் பட்டனே இல்லை. (வேளச்சேரி வாசகி)

பதில்: உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள், விற்பவரின் சம்மதம் தேவையில்லை. கையோடு அவர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். நிறுத்தும் வழியை ஒளித்துவைப்பது, 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்று. பணம் திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.