பாலிக் கோயிலில் அப்பா சட்டையைக் கழற்ற வேண்டுமா?

அக்கா! அறுபது தாண்டிய அப்பா, அம்மாவோடு பாலித் தீவுக்குப் போகிறோம். அங்கேயும் இந்துக்கள்தானே, அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று அப்பா தேங்காய், கற்பூரம் வரை பட்டியல் போட்டுவிட்டார். எதையெல்லாம் எடுத்துப்போகலாம்?
*வாசகி, ஈரோடு*

தேங்காயும் கற்பூரமும் வீட்டிலேயே இருக்கட்டும். கற்பூரத்தை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். பாலிக்கு ஆட்களைக் கூட்டிப்போவது என் பிழைப்பு. வெள்ளைக்காரக் கூட்டத்தைவிட நம்ம கூட்டம் வந்தால்தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அவர்கள் ஒன்றும் தெரியாததால் கேட்டுக் கேட்டுச் செய்வார்கள். நாம் "நம்ம சாமிதானே" என்று விறுவிறுவென்று உள்ளே போய்விடுவோம்.

நம் ஊர் மாதிரி கருவறை, மூலவர், திரை விலக்கித் தரிசனம் எல்லாம் அங்கே கிடையாது. மதில் சூழ்ந்த திறந்த முற்றங்கள், ஒன்றை அடுத்து ஒன்று. உள்முற்றத்தில் பத்மாசனம் என்று உயரமான கல் இருக்கை இருக்கும். அதில் சிலை ஏதும் இருக்காது. பெரும்பாலான கோயில்களில் 210 நாளுக்கு ஒருமுறை திருவிழா வரும். அப்போது தெய்வங்களை இறங்கி வரச்சொல்லி அழைப்பார்கள். ஆகவே அர்ச்சனைச் சீட்டு எங்கே என்று தேடாதீர்கள்.

உள்முற்றம் கும்பிட வருகிறவர்களுக்கு. பெசாகி போன்ற பெரிய கோயிலில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வாசலில் நின்று "நாங்களும் இந்துதான்" என்று வாதாட வேண்டாம். உங்கள் கார் ஓட்டுநரோ விடுதிக்காரரோ தங்கள் கோயிலுக்குக் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போங்கள். ஆண்கள் சம்மணம் போட்டும் பெண்கள் மண்டியிட்டும் உட்கார்வார்கள். விரல் நுனியில் பூவைப் பிடித்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிடுவார்கள். பிறகு பூசாரி தீர்த்தம் தெளிப்பார், உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கவும் தருவார். ஈர அரிசியை நெற்றியில் அப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். கும்பிடுகிறவர்களுக்குக் குறுக்கே மட்டும் நடக்காதீர்கள்.

அப்பாவுக்கு ஒரு சேதி. திருச்செந்தூர்ப் பழக்கத்தில் சட்டையைக் கழற்றிவிடப் போகிறார். அங்கே சட்டை உடம்பில் இருந்தாக வேண்டும். வேட்டி தாராளமாகக் கட்டலாம், இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் சரி. மடித்துக் கட்டினால் முழங்கால் தெரியும், அது ஆகாது. அம்மாவின் புடவைக்கு மேலும் இடுப்புத்துணி கட்டச் சொல்வார்கள், "புடவைக்கு எதுக்கு?" என்று கேட்காமல் கட்டிக்கொள்ளட்டும்.

மாதவிலக்கு நாட்களில் அங்கும் கோயிலுக்குப் போகக்கூடாதாமே? இந்தக் காலத்திலுமா?
*வாசகி, கோவை*

ஆமாம், வாசலில் பலகையே வைத்திருப்பார்கள். ரத்தம் கசியும் காயம் இருந்தால் ஆணுக்கும் அதே விதிதான்; வீட்டில் சாவு விழுந்தவர்களும் போகமாட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, நம் ஊரில் இதற்காகச் சண்டையே போடுவேன். விருந்தாளியாகப் போன இடத்தில் போடமாட்டேன். அன்றைக்கு ஜாதிலுவி வயல்வெளிக்குப் போங்கள். 'சுபாக்' என்ற பழைய நீர்ப்பங்கீட்டு முறைக்காக 2012ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர்களில் அதுவும் ஒன்று. வரப்பில் நடந்தால் விவசாயிக்கு வழிவிடுங்கள். தலையில் கட்டோடு வருகிறவரை நிறுத்தி செல்ஃபி கேட்காதீர்கள்.

மார்ச் மாதம் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
*வாசகர், மதுரை*

நியெபி எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அது அவர்களுடைய சக ஆண்டுப் பிறப்பு. 2026ல் மார்ச் 19, யுகாதியும் அன்றேதான். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை தீவே அடங்கிவிடும். விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். நெருப்பு, விளக்கு, வேலை, பயணம், கேளிக்கை எதுவும் கிடையாது. நீங்களும் விடுதியை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டத் துணி கட்டிய ஊர்க்காவலர்கள் தெருவில் சுற்றுவார்கள். சன்னல் வெளிச்சம் தெரிந்தாலே வந்து சொல்வார்கள். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மட்டும் விலக்கு. என்னைக் கேட்டால், அந்த நாளுக்காகவே போகலாம். முதல் நாள் மாலை ஓகோ ஓகோ என்ற ராட்சதப் பொம்மைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஆடும். "காசு கொடுத்து வந்து ரூமுக்குள்ள கிடக்கணுமா?" என்று கேட்கிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் வேறு மாதம் பாருங்கள்.

தெருவெல்லாம் பூவைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, மிதிக்காமல் நடப்பது எப்படி?
*வாசகர், சேலம்*

கொட்டி வைத்தது இல்லை, படைத்தது. குருத்தோலையில் முடைந்த உள்ளங்கை அகலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பை மடித்து வைத்து மேலே பூ, ஊதுபத்தி. சில நாள் ஒரு பிஸ்கட்டோ சிகரெட்டோகூட இருக்கும். கடைவாசல், நடைபாதை, ஸ்கூட்டர் என்று எங்கும் வைப்பார்கள். பத்தி புகையும்போது தாண்டாதீர்கள், சுற்றிப்போங்கள். அணைந்த பிறகு நாயும் கோழியும் கிளறும், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அதற்காக நாமும் காலால் ஒதுக்கலாம் என்று அர்த்தமில்லை.

தீர்த்த எம்புலில் குளித்து ரீல்ஸ் எடுக்க ஆசை.
*வாசகி, சென்னை*

குளியுங்கள். ஆனால் அது புனித ஊற்றுநீர்க் கோயில், குற்றாலம் இல்லை. சோப்பு, ஷாம்பு, கூச்சல் மூன்றும் வெளியே. குளிப்பதற்கென்று தரும் துணியைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, ஒவ்வொரு ஊற்றுவாயிலும் கும்பிட்டுவிட்டுத் தலையைக் கொடுங்கள். நடுவில் இறந்தவர்களுக்கான சடங்குக்குரிய வாய்கள் உண்டு, முன்னால் நிற்பவர் அவற்றை விட்டு நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். பின்னால் நிற்கும் பாட்டிக்கு அது வேண்டுதல். உங்கள் ரீல்ஸுக்காக அவர் குளிர்ந்த நீரில் காத்திருக்கக்கூடாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
*வாசகர், கும்பகோணம்*

கிடைக்கும். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே, டோஃபு, காய்கறி மேல் கடலைச் சாந்து ஊற்றிய காடோ காடோ எல்லாம் உண்டு. ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் 'தெராசி' என்ற இறால் விழுது இருக்கும். தட்டின் ஓரத்து அப்பளமும் பெரும்பாலும் இறால்தான். "தன்பா தெராசி" (தெராசி இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்துக் கடை என்றால் சைவம் என்று நினைக்காதீர்கள்; பன்றிக்கறி அவர்கள் விருந்துச் சாப்பாடு. அதைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது. பரிமாறுகிற அண்ணனை 'பிளி', அக்காவை 'ம்போக்' என்று கூப்பிடுங்கள், கையைத் தட்டாதீர்கள்.

சுற்றுலா வரி உண்டாமே?
*வாசகர், நெல்லை*

உண்டு. 2024 பிப்ரவரி 14 முதல் ஆளுக்கு 1,50,000 இந்தோனேசிய ரூபியா. விசாவுக்கு 5,00,000 தனி. இரண்டையும் கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டி, ரசீதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.