இரும்புத் தூளை அழுத்திச் செய்யும் புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் உருளை வளையம்) கொப்புளம் வருவது பற்றி

1120 டிகிரி சின்டரிங்குக்கு (அழுத்திய தூளை உருகாமல் சூடாக்கி இறுகவைப்பது) பிறகு மேல்பரப்பில் கொப்புளமும் கறுப்புக் கரியும் வருகிறது என்றீர்கள். தூளைச் சந்தேகிக்க வேண்டாம். தூளில் மசகாகக் கலந்த ஜிங்க் ஸ்டியரேட் எரிந்து வெளியேற நேரம் கிடைக்கவில்லை. பாகங்களை உலைக்குள் கொண்டுசெல்லும் பெல்ட்டின் வேகத்தைக் குறையுங்கள். முன்சூட்டுப் பகுதியில், 500–600 டிகிரியில், பாகம் 20–30 நிமிடம் இருக்கட்டும். வேகமாகச் சூடேறினால் உள்ளே அடைபட்ட வாயு பரப்பை உப்ப வைக்கும், நுண்துளைகளில் கரி படியும், சில சமயம் விரிசலும் விடும். அழுத்திய அடர்த்தி கன செ.மீ.க்கு 7.0 கிராமைத் தாண்டினால் வாயு வெளியேறுவது இன்னும் கடினம்.

வாயு ஓட்டத்தையும் பாருங்கள். ஸ்டியரேட் புகை உலையின் நுழைவாயில் பக்கமே போக வேண்டும். சூடான பகுதிக்குள் இழுக்கப்பட்டால் என்ன செய்தாலும் கரி படிவது நிற்காது. முன்சூட்டுப் பகுதிக்கு மட்டும் நைட்ரஜனைத் தண்ணீரில் குமிழவிட்டு அனுப்பினால் கரி குறையும்.

சோதிக்க: 100 கிராம் பாகத்தில் 0.8% ஸ்டியரேட் என்றால், முன்சூட்டு முடிந்து ஆறியதும் எடை ஏறக்குறைய 0.7 கிராம் குறைந்திருக்க வேண்டும். ஸ்டியரேட்டில் மிச்சம் நிற்பது துத்தநாக (ஜிங்க்) ஆக்சைடு.