தம்பி, முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழைய வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம், மர ஜன்னல் சட்டமெல்லாம் பெயின்ட் உரிந்து கிடக்கிறது, கிறிஸ்துமஸுக்குள் நானே சுரண்டி அடித்துவிடலாம் என்று இருக்கிறேன், எந்த பெயின்ட் நல்லது, என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறம் உங்கள் இருவருக்கும் எது பிடிக்கிறதோ அது. பெயின்ட், மரத்துக்கு என்று டப்பாவில் போட்டிருக்கும் எதுவும் சரிதான். எனக்குக் கவலை அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

நீங்கள் தங்கச்சிமடம், நான் பாம்பன். 2004இல் வந்தேன். ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்போமே, அதே பழக்கத்தில் இங்கே முதல் நவம்பரிலேயே ஜன்னலில் கை வைத்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மாமாவோடு படகு சுரண்டிப் பெயின்ட் அடித்த கை. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த பெயின்டை மூன்று நாள் தேய்த்தேன். கீழே கம்பளத்தில் என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஏதோ சந்தேகப்பட்டு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அதில் ஈயம் (லெட் என்ற நச்சு உலோகம்) ஏறியிருந்தது. நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, வீடு எந்தக் காலத்தில் கட்டியது என்பதுதான். அன்று இரவு நானும் என் மனைவியும் தூங்கவில்லை.

தூண்டில் ஈயத்தைப் பல்லால் கடித்து அமுக்கியவர்கள் நாம். ஈயத்துக்குப் பயப்பட நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிரிட்டனில் ஈயம் கலந்த பெயின்டைப் பொதுமக்களுக்கு விற்பதை 1992இல்தான் தடுத்தார்கள். 1960களுக்கு முன் கட்டிய வீடென்றால் அடியில் ஈயப் பெயின்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் ஹாம் தெருக்களில் பல வீடுகள் நூறு வருடம் தாண்டியவை. உரிந்த செதில் இனிக்கும், பிள்ளைகள் வாயில் போடும். தூசியோ கண்ணுக்கே தெரியாது.

அதனால் பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைக் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள். ஈயம் இருந்து, பெயின்ட் கெட்டியாக ஒட்டியும் இருந்தால் சுரண்டவே வேண்டாம், லேசாக ஈரத்தில் தேய்த்து மேலேயே அடித்துவிடலாம். உரிந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, நீர் தாங்கும் உப்புத்தாளால் மட்டும் தேய்க்க வேண்டும். உலர்வாக மெஷின் போடக் கூடாது, நெருப்பு காட்டிப் பெயின்டை உருக்கவும் கூடாது. முகத்துக்கு, நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 (FFP3) மாஸ்க். துணி மாஸ்க் போதாது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்காதீர்கள். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வேலை முடியும் வரை தாயும் பிள்ளையும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

அதிகமாக உரிந்திருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். வெளிப்புறம், ஜன்னல் உட்பட, பழுது பார்ப்பது அவர் பொறுப்பு என்று 1985ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. "கேட்டால் காலி பண்ணச் சொல்வார், பேசாமல் இரு" என்று நம்மாட்கள் பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். இருபது வருடம் இங்கே இருந்தும் ஒரு கடிதம் எழுதப் பயப்படுகிறவர்களின் பேச்சைக் கேட்டு உங்கள் பிள்ளையைப் பணயம் வைக்காதீர்கள். அன்று நான் எழுதவில்லை. இப்போது வீட்டுக்காரருக்கோ, ஊராட்சி அமைப்பான கவுன்சிலுக்கோ எழுத வேண்டியவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள்.

அப்புறம், கிறிஸ்துமஸை மறந்துவிடுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே பெரும்பாலான பெயின்ட் சரியாகக் காயாது. மே முதல் செப்டம்பருக்குள், மழையில்லாத நாளில், காலையிலேயே அடித்தால்தான் இரவு ஜன்னலைச் சாத்த முடியும். நான் நவம்பரில் ஈரத்தோடு சாத்தினேன், சட்டமும் ஜன்னலும் ஒட்டிக்கொண்டு, மார்ச்சில் கத்தி வைத்து அறுத்துத்தான் திறந்தேன். வீடு காலி பண்ணும்போது வீட்டுக்காரர் அதற்கும் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். பெயின்ட் என் காசு, வேலை என் வேலை. இன்றும் ஆறவில்லை.

பாம்பனில் அம்மா வீட்டு ஜன்னலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்தான் அடிக்கிறேன். நீல எனாமல். உப்புக்காற்றில் கம்பி ஒரே வருடத்தில் செம்பழுப்பாகிவிடும். மே மாத வெயிலில் மேல்பக்கம் அடித்துக் கீழே வருவதற்குள் மேலே தொட்டால் ஒட்டாது. அம்மா திண்ணையில் இருந்தபடி, விட்டுப்போன இடத்தைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார். என் மகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறாள். போன தடவை கீழ்க்கட்டையை அவள்தான் அடித்தாள்.