ரக்தாக்ஷி வருஷத்துக் கல்யாணம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 28, சென்னையில் வேலை. வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். ஓர் ஆங்கிலேயப் பிரபு வீட்டையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் காட்டும் 'டவுன்டன் அபி' தொடரை மூன்று முறை முழுதாகப் பார்த்தவள் நான். அந்த உடைகள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீள மேசை, யாரும் அவசரப்படாத சாப்பாடு எல்லாம் மனதில் ஊறிக் கிடக்கிறது. என் கல்யாணம் 1920களில் நடந்த மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டை இரண்டு நாளுக்குப் பேசியிருக்கிறோம். லேஸ் வைத்த தந்த நிறப் புடவை, வயலின் குழு, பரிமாறுகிறவர்களுக்குக் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டில் தினம் சண்டை. அப்பா திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். முகூர்த்த நாளில் அங்கே பக்கத்தில் பக்கத்தில் எத்தனை ஜோடிகள்! என் படங்களில் எல்லாம் அடுத்தவர் தலைதான் விழும். என் அம்மா, "வெள்ளைப் புடவையா, வாயைக் கழுவுடி" என்கிறார். ஆயா மட்டும்தான் எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. தாத்தா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. "நான் எங்க முன்னாடி வரப்போறேன், நீ உன் இஷ்டப்படி பண்ணு" என்கிறார். அவருடைய கூறைப்புடவை பெட்டியில் இருக்கிறது. அதைக் கட்டலாமா, பாலிஷுக்குக் கொடுக்கலாமா என்று தெரியவில்லை. இதெல்லாம் வெறும் வேஷம் என்று நினைக்கிறீர்களா?

ச.

அன்புள்ள ச.,

வேஷம் என்று நினைக்கவில்லை. கல்யாணம் என்பதே பழைய காலத்தை ஒரு நாள் உடுத்திக்கொள்வதுதான். வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, மணமேடையில் அம்மி மிதிக்கிறோம். பகலில் நின்றுகொண்டு அருந்ததியைத் தேடுகிறோம். உங்கள் ஆசையும் அந்த வகைதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: யாருடைய 1920கள்?

அந்தத் தொடர் 1912இல் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்கி, 1925இன் கடைசி இரவில் முடிகிறது. அந்தப் பதின்மூன்று வருஷத்தில் இங்கிலாந்துப் பெண்ணின் இடுப்புக்கோடு இடுப்பெலும்புவரை இறங்கிவிட்டது, கூந்தல் காதளவுக்கு வந்துவிட்டது. 1923 ஏப்ரலில், பிற்பாடு இரண்டாம் எலிசபெத் ராணிக்குத் தாயான எலிசபெத் போஸ்-லயன் இளவரசரை மணந்தபோது, முக்காட்டை நெற்றியில் பட்டிபோலத் தாழ்த்திக் கட்டியிருந்தார். வெள்ளை உடையில் மணப்பெண் என்பதையே 1840இல் விக்டோரியா ராணி கட்டியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பெரிதாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு லேஸுக்கும் பின்னால் ஒரு வருஷமும் ஒரு வீடும் இருக்கின்றன. அதனால்தான் திரையில் அது அவ்வளவு உயிரோடு தெரிகிறது. நீங்களும் ஒரு வருஷத்தையும் ஒரு வீட்டையும் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீடாகவே இருக்கட்டும்.

என் வீட்டில் அப்படி ஒரு வருஷம் உண்டு. என் ஆயாவின் கல்யாணப் படம், புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அட்டையின் பின்னால் பென்சிலில் 'ரக்தாக்ஷி, தை' என்று எழுதியிருக்கிறது. ரக்தாக்ஷி என்பது அந்தத் தமிழ் வருஷத்தின் பெயர், அதாவது 1925இன் தொடக்கம். தாத்தா கோட்டு, தலைப்பாகை, கையில் குடை, வெறுங்கால். பக்கத்தில் ஆயா. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி. சின்ன வயதிலிருந்து பார்த்த படம்தான். சில வருஷங்களுக்கு முன் அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், புடவைக் கொசுவத்துக்குக் கீழே ஒரு மணைப்பலகையின் முனை கண்ணில் பட்டது. தாத்தாவின் தோளுக்காவது எட்டட்டும் என்று பலகை போட்டு ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஆயாவுக்கு அப்போது பதினொரு வயது. பெண்ணுக்கு 14 ஆகாமல் கல்யாணம் செய்யக்கூடாது என்ற சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது, 1930 ஏப்ரலில்தான் நடப்புக்கு வந்தது. ஆயாவுக்கு அது ஐந்து வருஷம் பிந்திவிட்டது.

வீட்டுக் கொட்டகையில் எடுத்த குடும்பப் படமும் ஒன்று இருக்கிறது. அதில் இருபத்துமூன்று பேர். ஆயாவின் அக்கா இல்லை. பதினைந்து வயதில் தாலி அறுத்தவர். நான்கு நாள் கல்யாணத்துக்கும் அடுப்படியில் வேலை முழுவதும் அவருடையது, ஆனால் முகூர்த்த நேரத்தில் கூடத்துப் பக்கம் வரக்கூடாது. உள் அறையில் இருந்தபடி கெட்டிமேளத்தைக் கேட்டுத்தான் தங்கைக்குத் தாலி ஏறியதைத் தெரிந்துகொண்டாராம். கையில் வைத்திருந்த அரிசியை அந்த இருட்டு அறையிலேயே வாசலைப் பார்த்துத் தூவினாராம். மறுநாள் அறையைப் பெருக்கியபோது அரிசியைப் பார்த்ததாக ஆயா சொல்வார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஆகவே உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது லேஸோ வயலினோ இல்லை. "நான் எங்க முன்னாடி வரப்போறேன்" என்ற வரிதான். 1920களிலிருந்து எதைக் கொண்டுவருவது என்று யோசிக்கும் முன், எதைக் கொண்டுவரக்கூடாது என்று முடிவெடுங்கள். உங்கள் ஆயா முன்வரிசையில் உட்கார வேண்டும். உங்கள் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வருவது அவராக இருக்கட்டும். தாலித் தட்டு முதலில் அவர் கையில் போய், அவர் தொட்ட பிறகு மற்றவர்களுக்கு வரட்டும். உறவில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இதை அப்பா அம்மாவிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், மேடையில் வைத்துப் பேச வேண்டியதாகிவிடக் கூடாது.

அடுத்தது கறுப்புக் கோட்டும் கையுறையும். வேண்டாம், தயவுசெய்து. கொதிக்கிற சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, இலை இலையாகக் குனிந்து நிமிரும் பையனுக்குக் கோட்டு ஒரு தண்டனை. அந்தத் தொடரின் பாதி உயிர் கீழ்த்தளத்துச் சமையலறையில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பெயரும் காதலும் துக்கமும் இருந்ததால்தான் நீங்கள் மூன்று முறை பார்த்தீர்கள். உங்கள் வீட்டில் பரிமாற வருகிறவர்களை அலங்காரப் பொருளாக நிறுத்தாதீர்கள். நல்ல வெள்ளை வேட்டியும் துண்டும் எடுத்துக் கொடுங்கள். கடைசிப் பந்தி அவர்களுடையது, அப்போது பரிமாறுவது நீங்களும் மாப்பிள்ளையும். பாயசம் தீர்ந்துபோகாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பந்தி என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் ஆயாவின் கல்யாணத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தி இல்லை. சாதிக்கு ஒரு பந்தி, சிலருக்குக் கொல்லைப்புறத்தில் இலை. அதே நேரத்தில்தான் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைச் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதை எதிர்த்துத் தமிழ்நாடே பேசிக்கொண்டிருந்தது. அந்தக் குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் 1910 முதல் பத்து வருஷம் உங்கள் கல்யாண வீடு இருக்கும் இதே புதுச்சேரியில், அன்றைய பிரெஞ்சு ஆட்சியின் கீழ், பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி அடைக்கலமாக இருந்தவர். பாரதியாரும் 1908 முதல் 1918 வரை இங்கேதான். அந்தக் காலத்துப் புதுச்சேரி என்று சொன்னால் எனக்கு மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் இந்த வாதங்கள்தான் ஞாபகம் வரும். உங்கள் மணப்பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவது 1925ஐ விட்டு விலகுவது இல்லை. அன்றைக்குச் சண்டை போட்டவர்கள் கேட்டதைக் கொடுப்பது.

இனி ஆசையோடு சொல்ல நிறைய இருக்கிறது.

மைக் வேண்டாம். என் பேச்சில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள். அந்தக் காலத்தை ஒரே நொடியில் கொண்டுவருவது உடை இல்லை, சத்தம். ஒலிபெருக்கி இல்லாத வீட்டில் நாகஸ்வரம் வாசித்தால் முற்றத்தில் ஒரு மாதிரியும் திண்ணையில் ஒரு மாதிரியும் கேட்கும். இன்று நாம் கேட்கும் தாழ்ந்த சுருதிப் பாரி நாகஸ்வரத்தைப் பரப்பியவர் ராஜரத்தினம் பிள்ளை. அதற்கு முன் ஒலித்தது குட்டையான, உச்சக் குரல்கொண்ட திமிரி. திமிரி வைத்திருக்கும் வித்வான் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மைக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். தவில்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை உயர்த்தும் முன் வரும் அந்த அரை நொடி அமைதியை நம் தலைமுறை கேட்டதே இல்லை. வயலின் குழு இரவு விருந்துக்கு வரட்டும், அங்கே அது அழகுதான்.

தந்த நிறப் புடவையையும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் கிறிஸ்தவக் குடும்பங்களில் மணப்பெண் வெள்ளைப் பட்டில் வருவது காலகாலமாக உள்ள வழக்கம், அங்கே அந்த நிறத்தைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள். அம்மாவிடம் முகூர்த்தத்துக்கு அரக்கு என்று ஒப்புக்கொண்டால் அவர் இரவுக்கு இறங்கி வருவார்.

கூறைப்புடவையைப் பாலிஷுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு என் அம்மாவின் புடவையைக் கடையொன்றில், உருளையில் இழுத்துத் தேய்க்கும் ரோல் பாலிஷுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததைப் பிரித்தால், மடிப்பு இருந்த இடமெல்லாம் கத்தரிக்கோல் போட்டதுபோல நேர்க்கோட்டில் நான்கு கிழிசல். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பில்தான் செத்திருக்கும், இழுவை தாங்காது. என் தவறு, முதலிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். இன்றும் அந்தப் பெட்டியைத் திறந்தால் மனம் கனக்கிறது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். தரையில் பாய் விரித்து, அதன்மேல் பழைய பருத்தி வேட்டியைப் போட்டு, புடவையை அதன்மேல் மெதுவாகப் பிரியுங்கள். தூக்கி உதற வேண்டாம். மடிப்புக் கோட்டுக்குக் கீழே கையை விட்டு வெளிச்சம் பக்கம் தூக்கிப் பாருங்கள். ஊசிக்கண் அளவுக்கு வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் உடம்பில் கட்ட முடியாது. முந்தானையும் கரையும் பெரும்பாலும் பிழைத்திருக்கும், உள்ளே வெள்ளி சரிகை என்பதால் கறுத்திருந்தாலும் கனம் இருக்கும். முந்தானையை மட்டும் மெல்லிய பருத்தித் துணியில் கைத்தையலாக வைத்துத் தைத்து, முகூர்த்த நேரத்துக்குத் தோளில் போட்டுக்கொள்ளலாம். புள்ளிகள் இல்லையென்றால் தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நிழலில் காற்றாட விடுங்கள், வெயில் கூடாது. அந்துருண்டை சரிகையில் படக்கூடாது.

பத்திரிகைக்கு ஒரு யோசனை. கணினி எழுத்தில் அடித்துப் பழுப்பு நிறம் கொடுத்தால் பழசாகிவிடாது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கைபோல ஒரு கொம்பு வைத்துத்தான் அச்சாயின. றா, னா வடிவங்களும் வேறு. உங்கள் ஆயா பள்ளியில் படித்தது அந்த எழுத்துகளைத்தான். அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, அந்தக் கையெழுத்தையே அச்சுக்குக் கொடுங்கள். நிகழும் வருஷத்தின் தமிழ்ப் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

திருவந்திபுரம் பற்றி. அப்பா சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது. திருமங்கையாழ்வார் பாடிய, வேதாந்த தேசிகர் வாழ்ந்த தலம் அது. நீங்கள் பேசியிருக்கும் வீட்டைவிடப் பல நூறு வருஷம் மூத்தது. கெடிலம் ஆற்றுக் காற்று அடிக்கும் விடியற்காலையில், பெயர் தெரியாத இன்னொரு பெண்ணும் பக்கத்தில் தாலி வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டு மேளமும் உங்கள் வீட்டு மேளமும் ஒன்றோடொன்று மோதும். அந்தத் தலைகள் உங்கள் படத்தில் விழட்டும். பிறகு மதியத்துக்குள் புதுச்சேரி வந்துவிடலாம்.

அந்த வீட்டில் அலங்காரக்காரர் ஆணி அடிக்க விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஒரு ஆணிக்கு ஒரு சாண் உதிரும். தூணில் கயிறு கட்டி மாவிலையும் தென்னங்குருத்தும் தொங்கவிட்டால் போதும், முற்றத்து வெளிச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தை மாதம் தேர்ந்தெடுத்தது நல்லது. கார்த்திகையில் வைத்திருந்தால் நிம்மதி இருக்காது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை என்ன பாடுபடுத்தியது என்று நாம் இருவருமே பார்த்தோம்.

அதனால் புடவைப் பெட்டியை மழை தொடங்கும் முன், ஆவணியிலேயே திறந்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆயாவைப் பாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, முதல் மடிப்பை அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போது அவர் ஏதாவது சொன்னால் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
அம்மா