வயதான அம்மாவைப் பார்க்க ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கிறோம். தரத்தையும் பாதுகாப்பையும் எப்படிச் சோதிப்பது?

கேள்வி கேட்டவர் கொழும்பில் வேலை செய்கிறார். தலவாக்கலையில் படுக்கையோடு இருக்கும் தாயாருக்கு வீட்டோடு தங்கிப் பார்க்க ஆள் தேடுகிறார். "பயிற்சி பெற்ற நேர்ஸ்" என்று ஏஜென்சிக்காரர் சொல்வதை நம்பலாமா, வீட்டில் கமரா வைக்கலாமா என்பது அவர் கேள்வி.

நானும் கொழும்பில்தான் இருக்கிறேன். அம்மா ஹட்டனுக்குக் கிட்டே. பாரிசவாதத்தில் வலது கை, கால் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. சீனி வியாதியும் உண்டு. இதுவரை மூன்று பேர் வந்து போய்விட்டார்கள், நாலாவது ஆள்தான் நிலைத்திருக்கிறார். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்த "நேர்ஸ்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். தாதி என்றால் மூன்று வருடம் படித்துப் பதிவு பெற்றவர். அப்படிப்பட்டவர் வீட்டோடு தங்க வருவது அபூர்வம். வருகிறவர்கள் பராமரிப்பாளர்கள். அதில் ஒரு குறையும் இல்லை, குளிப்பாட்டவும் ஊட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் அவர்கள்தான் வேண்டும். ஆனால் ஊசி போடுவது, மூக்கு டியூப் மாற்றுவது, சிறுநீர் டியூப் மாற்றுவது எல்லாம் அவர்கள் வேலை இல்லை. "எல்லாம் செய்வாங்க" என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். பராமரிப்பாளருக்கென்று என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் இலக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு, மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள். நிறுவனம் தன் வர்த்தகப் பெயர்ப் பதிவைக் காட்டும். அது சில்லறைக் கடைக்கும் கிடைக்கிற பத்திரம்தான். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் பதிவு உண்டா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்தது அடையாள அட்டை. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பிள்ளை, தனக்கு 22 வயது என்றாள். முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை. அட்டையை வாங்கி இலக்கத்தைப் பார்த்தேன். 12 இலக்கப் புது அட்டையில் முதல் நாலும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான். கணக்குப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு 17 முடியவில்லை. வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது, ஆகவே சட்டப்படி சரி என்று ஏஜென்சிக்காரர் வாதாடினார். நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு அனுப்பிவிட்டு நம் சனம் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் நான். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டுகிற ஒரு கிழவியோடு அந்தப் பிள்ளையைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. பஸ் காசு கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

பொலிஸ் அறிக்கை, ஜீ.எஸ். (கிராம சேவகர்) சான்றிதழ் இரண்டையும் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் ஆள் எப்படி என்று தெரிய வேண்டுமானால், முன்பு வேலை செய்த வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டும். "நல்லவங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி கூப்பிட்டா எழும்புவாங்களா? திரும்ப வந்தா எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலே விஷயம் விளங்கும்.

மொழி விஷயத்தை யாரும் பாதுகாப்பு என்று நினைப்பதில்லை. இரண்டாவதாக வந்தவர் கண்டிப் பக்கத்துச் சிங்கள அக்கா. தங்கமான மனுஷி. அம்மாவுக்குச் சிங்களம் "கொஹொமத" (எப்படி இருக்கிறீர்கள்) என்பதோடு சரி. பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சும் குழறல். ஒரு ராத்திரி அம்மா "நெஞ்ச அடைக்குது, நெஞ்ச அடைக்குது" என்று சொல்லியிருக்கிறார். அக்கா தண்ணி கேட்கிறார் என்று நினைத்து தண்ணி கொடுத்திருக்கிறார். பெக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்த தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளே நெஞ்சு, மூச்சு, தலைசுற்று, குளிர், வலி என்று பதினைந்து சொல்லைச் சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்தில் படம் வரைந்து சுவரில் ஒட்டினோம். கூடவே 1990 என்று பெரிதாக. சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஆள் வேண்டும். தோட்டத்தில் எந்த டிவிசன், எந்த லயம் (வரிசை வீடு), எந்தக் கோயில் திருப்பம் என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி அதே இடத்தில் ஒட்டுங்கள். அந்த அக்கா எட்டு மாதம் இருந்தார், மகளின் பிரசவத்துக்காகத்தான் போனார்.

இனி குளிர். மூன்றாவதாக வந்தவரிடம் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தது. ஜனவரி ராத்திரி, நுவரெலியாப் பக்கம் புல் மேல் வெள்ளையாக உறைபனி விழுகிற காலம். அம்மா குளிருது என்றதும் போத்தலில் சுடுதண்ணி ஊற்றி, துணிகூடச் சுற்றாமல் காலடியில் வைத்திருக்கிறார். சீனி வியாதிக்காரர்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும். "சூடே தெரியல புள்ள" என்றார் அம்மா. காலையில் பார்த்தால் குதிகாலில் கொப்புளம். ஆற ஆறு வாரம். ஏஜென்சிக்காரர் "சின்னக் கொப்புளந்தானே" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நாலு கேள்வி கேட்பேன். குளிருது என்றால் என்ன செய்வீர்கள்? காலுறை போடுவேன், இன்னொரு போர்வை போடுவேன், போத்தல் வைத்துப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு எடுத்த பிறகுதான் படுக்க வைப்பேன் என்று சொன்னால் சரி. கரிச்சட்டியை அறைக்குள் கொண்டு வந்து கதவைச் சாத்துவேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வரும், அதற்கு வாசனைகூட இல்லை. சாப்பிடும்போது இருமினால்? உடனே ஊட்டுவதை நிறுத்த வேண்டும். தண்ணி கொடுத்து இறக்கப் பார்க்கக் கூடாது. ஊட்டும்போதும், ஊட்டி அரை மணி நேரமும் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால்? சீனி இறங்கியிருக்கலாம் என்ற நினைப்பு முதலில் வர வேண்டும். ராத்திரி எத்தனை தரம் புரட்டிப் படுக்க வைப்பீர்கள்? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்பது பொது வழக்கம். ஒரு தரமும் இல்லை என்பவரைவிட "அம்மா தூங்கினா எழுப்ப மாட்டேன்" என்று அன்பாகச் சொல்பவரைக் கண்டுதான் எனக்குப் பயம்.

ஆள் வந்த பிறகு செய்கிற சோதனைதான் முக்கியம். கொப்பியில் எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஊருக்குப் போனதும் நான் கொப்பியைத் தொடுவதில்லை, போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தையும் பார்ப்பேன். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. பிறகு கிளினிக் மாத்திரைகளை எண்ணுவேன். அதற்கும் பிறகுதான் கொப்பி. ஒரு வாரத்துக் குறிப்பெல்லாம் ஒரே பேனையில், ஒரே சாய்வில் இருந்தால் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று அர்த்தம்.

கமரா வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில் வையுங்கள். அம்மாவுக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் வேண்டாம், அது அவருக்கும் மானம், பார்க்க வந்தவருக்கும் மானம்.

உண்மையாகவே அடி, பட்டினி, மிரட்டல் என்று சந்தேகம் வந்தால் ஏஜென்சியோடு பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். பொலிஸ் 119. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இன்னொன்று. கொடுக்கிற காசில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று அவரிடமே கேளுங்கள். மூன்றாவது ஆளுக்குப் பாதிதான் போயிருக்கிறது. அதுவும் மாதம் ஒரு நாள் லீவோடு. ராத்திரி மூன்று தரம் எழும்பி, பகல் முழுதும் வேலை செய்தவர் போத்தலுக்குத் துணி சுற்ற மறந்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது இருப்பவர் பொகவந்தலாவப் பக்கம், இருபது வருடம் கொழுந்து பறித்தவர். மாதம் நாலு நாள் வீட்டுக்குப் போவார், அந்த நாலு நாளும் தம்பி லீவு போடுகிறான். தீபாவளிக்கு அவர் போக வேண்டும், தம்பிக்கும் அவன் வீட்டில் பண்டிகை. மாற்று ஆள் யார், அவர் முந்தின நாளே வந்து கூட இருந்து பழகுவாரா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் ஏஜென்சி எழுதித் தரவில்லை, அதனால் போன தீபாவளிக்கு நான்தான் ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.