ஹாங்காங்கில் நிலமே இல்லையா, ஏன் இத்தனை நெருக்கம்?

நிலம் இருக்கிறது, பெரும்பகுதியில் கட்ட அனுமதி இல்லை. சுமார் 1,100 சதுர கிலோமீட்டரில் கட்டடங்கள் நிற்பது கால்வாசியில்தான். ஏறத்தாழ 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட மலையும் காடும்.

நிலம் கிட்டத்தட்ட முழுக்க அரசுடையது. விற்பதில்லை, பெரும்பாலும் டெண்டர் மூலம் நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறார்கள். அந்த வருமானம் இருப்பதால் வரியைக் குறைவாக வைக்க முடிகிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் விலை நிற்கும். அவ்வளவு கொட்டிக் கொடுத்த பில்டர் விதி அனுமதிக்கும் கடைசி சதுர அடி வரை கட்டத்தானே பார்ப்பார்?

ஒரே ஒரு விதி தெருவை எப்படி மாற்றுகிறது பாருங்கள். கடை போன்ற, குடியிருப்பல்லாத பகுதியை 15 மீட்டர் உயரம் வரை மனை முழுவதையும் அடைத்துக் கட்டலாம். அதனால் கீழே மனையளவுக்கு வணிக வளாகம், அதன் தலையில் ஒல்லியான குடியிருப்புக் கோபுரங்கள். இவை வரிசையாக நின்றால் நடைபாதைக்குக் காற்று வராது.

ரயில் நிறுவனமான எம்டிஆர், நிலையங்களின் மேலும் அருகிலும் வீடுகள் கட்டவைத்து, அந்த லாபத்தைப் பாதை அமைக்கப் பயன்படுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. வாசலிலேயே ரயில் இருந்தால் கார் எதற்கு?

கோபம் வருவது வேறொன்றில்: ஒரே வீட்டைத் தடுப்பு வைத்துக் கூறுபோட்டு வாடகைக்கு விடுகிறார்கள். அந்த அறைகள் பலவற்றில் அடுப்பும் கழிப்பறையும் ஒரே மூலையில்தான்.