கட்டரில் அலுமினியம் ஒட்டாமல் இருப்பதற்கு

10 மி.மீ. நாலு ஃப்ளூட் (வெட்டும் பல்லும் அதையொட்டிய பள்ளமும்) கார்பைடு எண்ட் மில்லால், அதாவது மில்லிங் மெஷினில் சுழன்று வெட்டும் கட்டரால், 6061 ரக அலுமினியத்தில் ஸ்லாட் போடும்போது சிப்ஸ் (வெட்டிய துகள்கள்) அடைத்து கட்டர் உடைகிறது, ஃபீடை (கட்டர் முன்னேறும் வேகத்தை) நிமிடத்துக்கு 60 மி.மீ.-க்கு இறக்கியும் சரியாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நாலு ஃப்ளூட்டில் சிப்ஸ் வெளியேற இடம் பத்தாது. அலுமினியத்துக்கென்றே வரும் ரெண்டு ஃப்ளூட் கட்டர் வாங்குங்கள், கோட்டிங் இல்லாததே போதும். கடையில் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங்கை உசத்தி என்று நீட்டுவார்கள். அது ஸ்டீலுக்குத்தான் உசத்தி, அலுமினியம் அதில் இன்னும் ஒட்டும்.

ஃபீடை இறக்கவே கூடாது. இறக்கினால் பல் வெட்டாமல் தேய்க்கும், சூடேறும், அலுமினியம் ஒட்டும். பல்லுக்கு 0.05 மி.மீ. வைத்தால் 3000 ஆர்.பி.எம்.மில் ரெண்டு ஃப்ளூட்டுக்கு நிமிடத்துக்கு 300 மி.மீ. வரும். ஒரு பாஸுக்கு (ஒரு தடவை ஓட்டுவதற்கு) 3 மி.மீ. ஆழத்தில் ஆரம்பியுங்கள். கூலன்ட் இல்லையென்றால் ஸ்லாட்டுக்குள் ஏர் அடித்துக்கொண்டே ஓட்டுங்கள்; கிடக்கிற சிப்ஸையே மறுபடி வெட்டும்போதுதான் பெரும்பாலும் கட்டர் போகும்.